நிரல் எழுத நோட்பேட் போதுமா, ஐடிஇ வேண்டுமா? கணினி அறிவியல் படிப்போருக்கு ஒரு விளக்கம்

படிவம் 4-இல் கணினி அறிவியல் பாடம் எடுத்த பிள்ளை வீட்டுக்கு வந்து, "அப்பா, நெட்பீன்ஸ் போடணும், லேப்டாப் ஜாம் ஆயிடுது, புதுசு வாங்கணும்" என்கிறது. பெரியப்பா வீட்டு அண்ணன் ஐ.டி. வேலையில் இருக்கிறார். அவர் சிரிக்கிறார். "அதெல்லாம் எதுக்கு? நோட்பேடிலேயே எழுதலாம். நாங்க விம்-இல் எழுதிப் பழகினவங்க" என்கிறார்.

யார் சொல்வது சரி? செலாயாங், பத்துமலை, ரவாங் பக்கம் மட்டுமல்ல, பிள்ளைகள் கணினி படிக்கும் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. பதில் தெரியாமல் ஒரு குடும்பம் தேவையில்லாத மடிக்கணினிக்குப் பணம் கட்டலாம். அல்லது பணத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று பொருந்தாத கருவியைக் கொடுத்து, ஆர்வமாக இருந்த பிள்ளை மூன்றே மாதத்தில் "எனக்கு இது வராது" என்று ஒதுங்கிவிடலாம். இரண்டாவதுதான் பெரிய நஷ்டம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

நிரல் என்பது வெறும் எழுத்து. அதைத் தட்டச்சு செய்து சேமிக்க ஓர் இடம் இருந்தால் போதும். விண்டோஸில் வரும் நோட்பேட் அதைச் செய்யும். நோட்பேட் பிளஸ் பிளஸ், சப்லைம் டெக்ஸ்ட், விம், இமேக்ஸ் ஆகியவையும் அதே குடும்பம்தான். வசதிகள் கூடுதல், அவ்வளவே. இவற்றை எடிட்டர் என்கிறோம். எழுதி முடித்த பிறகு, கறுப்புத் திரையில் கட்டளை கொடுத்து நீங்களே நிரலை ஓட்ட வேண்டும். பிழை வந்தால் எத்தனையாவது வரி என்று பார்த்து, எடிட்டருக்குத் திரும்பி, அந்த வரியைத் தேடித் திருத்தி, மறுபடியும் ஓட்ட வேண்டும்.

ஐடிஇ என்பது ஒருங்கிணைந்த உருவாக்கச் சூழல். எழுதும் இடம், கம்பைலர், பிழை கண்டுபிடிக்கும் கருவி, கோப்புகளின் பட்டியல் எல்லாம் ஒரே சன்னலுக்குள் இருக்கும். ஜாவாவுக்கு நெட்பீன்ஸ், எக்ளிப்ஸ், இன்டெலிஜே ஐடியா; பைத்தானுக்கு பைசார்ம்; ஆண்ட்ராய்டு செயலிக்கு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ; ஐபோனுக்கு எக்ஸ்கோட் என்று போகும்.

இது புதிய யோசனை அல்ல. 1983-இல் போர்லாண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கல் என்ற மென்பொருளை 49.95 டாலருக்கு விற்றது. அதற்கு முன்பு எடிட்டர் தனி, கம்பைலர் தனி. நிரலைச் சேமித்து, எடிட்டரை மூடி, கம்பைலரை ஏற்றி, காத்திருக்க வேண்டும். டர்போ பாஸ்கல் இரண்டையும் ஒன்றாக்கியது. பிழை இருந்தால், அந்த இடத்திலேயே கர்சர் போய் நிற்கும். அந்த மென்பொருள் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும். அதை எழுதிய ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க்தான் பின்னாளில் மைக்ரோசாஃப்ட்டில் சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட் மொழிகளை வடிவமைத்தார்.

பாடத்திட்டத்தில் இருக்கும் நெட்பீன்ஸுக்கும் ஒரு கதை உண்டு. 1996-இல் செக் குடியரசின் பிராக் நகரில் மாணவர்கள் செய்த திட்டமாகத் தொடங்கியது. 1999-இல் சன் நிறுவனம் வாங்கியது. சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிய பிறகு அங்கே போய், 2016-இல் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்றும் இலவசம்.

ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும்?

ஐடிஇ எதற்கு என்பதை விளக்குவதைவிடக் காட்டுவது எளிது. செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி எடுத்து விற்கும் ஒரு சிறு வியாபாரிக்கு, அவர் மகள் பைத்தானில் பில் போடும் நிரல் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கிறாள். பைத்தான் 3 அதை அனுமதிக்கிறது. முதலில் மொத்தம் பூஜ்ஜியம். பிறகு ஒவ்வொரு பொருளின் விலையையும் கூட்ட வேண்டும். அவள் எழுத நினைத்தது இது:

மொத்தம் = மொத்தம் + விலை

விரல் தவறி எழுதியது இது:

மொத்தாம் = மொத்தம் + விலை

ஒரே ஒரு கால் கூடிவிட்டது. நிரல் ஓடும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஏனென்றால் பைத்தானைப் பொறுத்தவரை "மொத்தாம்" என்பது புதிதாகப் பிறந்த இன்னொரு மாறி. கூட்டிய தொகை அதற்குள் போய்விடும். தக்காளி 12 ரிங்கிட், வெங்காயம் 8 ரிங்கிட், கத்தரிக்காய் 5 ரிங்கிட் என்று போட்டால், கடைசியில் திரையில் வருவது 0 ரிங்கிட்.

நோட்பேடில் இருப்பவளுக்கு இதைக் கண்டுபிடிக்க எந்தத் துப்பும் இல்லை. கண்ணை நம்ப வேண்டியதுதான். மூன்று வரி என்றால் கண்டுபிடித்துவிடலாம், முந்நூறு வரி என்றால்? அதே வரியை ஒரு செயல்கூறுக்குள் வைத்து பைசார்ம்-இல் திறந்தால், "மொத்தாம்" என்ற பெயர் சாம்பல் நிறத்தில் மங்கித் தெரியும். "இதில் மதிப்பு போட்டிருக்கிறாய், ஆனால் எங்கேயும் பயன்படுத்தவில்லையே?" என்று அது கேட்கிறது. அந்த மங்கல் நிறத்தைப் பார்த்தாலே போதும், பாதி வேலை முடிந்தது.

ஜாவாவில் இதே தவறு இவ்வளவு தூரம் வராது. அங்கே ஒரு மாறியைப் பயன்படுத்தும் முன் அறிவிக்க வேண்டும். அறிவிக்காத பெயரை எழுதினால் கம்பைலர் ஏற்காது. நெட்பீன்ஸில் அந்த வரியை எழுதி முடிப்பதற்குள்ளேயே கீழே சிவப்புக் கோடு விழும்.

இது எப்படி நடக்கிறது? எடிட்டருக்கு உங்கள் நிரல் ஒரு நீளமான எழுத்து வரிசை. ஐடிஇ அதைப் படித்து, எது மாறி, எது செயல்கூறு, எது எங்கே பிறந்தது, எங்கே பயன்பட்டது என்று உள்ளுக்குள் ஒரு வரைபடம் போட்டு வைத்துக்கொள்கிறது. நீங்கள் ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் அந்த வரைபடத்தைப் புதுப்பிக்கிறது. அதனால்தான் அதற்கு நினைவகம் அதிகம் வேண்டும். அதனால்தான் பழைய மடிக்கணினி மூச்சு வாங்குகிறது.

நிரலை நடுவில் நிறுத்திப் பார்க்க முடியுமா?

முடியும். என்னைக் கேட்டால், ஐடிஇ-யை எடுக்க இந்த ஒரு காரணமே போதும். இதன் பெயர் டீபக்கர்.

பில் நிரலில் கூட்டல் நடக்கும் வரியின் ஓரத்தில் சொடுக்கினால் ஒரு சிவப்புப் புள்ளி வரும். அதுதான் நிறுத்துப்புள்ளி. நிரலை ஓட்டினால் அந்த வரிக்கு வந்ததும் அப்படியே உறைந்து நிற்கும். பக்கத்துப் பட்டியலில் அந்த நேரத்தில் எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று தெரியும். விலை 12. மொத்தம் 0. ஒரு வரி முன்னே நகர்த்துங்கள். மொத்தம் இன்னும் 0, ஆனால் "மொத்தாம்" என்று புதிதாக ஒன்று வந்து அதில் 12 உட்கார்ந்திருக்கிறது. "அட, இவன் யாரு?" என்று அப்போதே தெரிந்துவிடும்.

படிக்கும் பிள்ளைகள் பலருக்கு நிரல் புரியாமல் போவது மொழி கடினம் என்பதால் அல்ல. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால்தான். சுழல் மூன்று முறை சுற்றுகிறது என்று டீச்சர் சொல்லலாம். அது சுற்றுவதை ஒவ்வொரு அடியாகப் பார்ப்பது வேறு. அச்சிடும் கட்டளையை அங்கங்கே போட்டும் இதைப் பார்க்கலாம்தான். பழைய ஆட்கள் அப்படித்தான் செய்தார்கள், இன்னும் செய்கிறார்கள். ஆனால் முதல் ஆறு மாதத்தில் இருக்கும் ஒருவருக்கு டீபக்கர் தரும் தெளிவு தனி.

நிரல் பெரிதாகும்போது என்ன மாறுகிறது?

செலாயாங் மருத்துவமனைக்குப் போனவர்கள் கவனித்திருப்பார்கள். 1999-இல் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனை, காகிதக் கோப்புகளை விட்டுக் கணினிப் பதிவுக்கு மாறிய நாட்டின் முதல் மருத்துவமனைகளில் ஒன்று. பதிவு முகப்பு, மருத்துவர் அறை, ஆய்வுக்கூடம், மருந்தகம் எல்லாம் ஒரே நோயாளியின் விவரத்தைத் திரையில் பார்க்க வேண்டும்.

அந்த அளவு மென்பொருள் ஒன்றில் "நோயாளி எண்" என்ற பெயர் நூற்றுக்கணக்கான கோப்புகளில் இருக்கும். அதை மாற்ற வேண்டும் என்று ஒரு நாள் முடிவாகிறது. சாதாரண எடிட்டரில் தேடி மாற்றினால், பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறாக இருக்கும் இடங்களும் சேர்ந்து மாறிவிடும். ஐடிஇ-க்கு அந்த உள் வரைபடம் இருப்பதால், அதே மாறியைக் குறிக்கும் இடங்களை மட்டும் தேர்ந்து மாற்றும். மருந்து அளவைக் கணக்கிடும் ஒரு வரியில் தவறான பெயர் புகுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய நிறுவனங்கள் ஐடிஇ-க்குப் பணம் கொடுக்கும் காரணம் புரியும்.

அப்படியானால் எடிட்டர் வேண்டாமா?

அண்ணன் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. அவர் வேலை செய்யும் இடத்தில் நிரல்கள் ஓடுவது தொலைவில் இருக்கும் லினக்ஸ் சர்வரில். அங்கே சன்னல் கிடையாது, சுட்டி கிடையாது, கறுப்புத் திரை மட்டும்தான். இரவு இரண்டு மணிக்கு இணையத்தளம் விழுந்துவிட்டால், உள்ளே புகுந்து ஓர் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் ஐடிஇ உதவாது. 1976-இல் பில் ஜாய் எழுதிய வி.ஐ. எடிட்டரும், அதன் வழியில் பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்ட விம்-உம் அங்கே பெரும்பாலும் தயாராக இருக்கும்.

விம் பழகாதவர்களுக்கு அது ஒரு பொறி. உள்ளே போய்விட்டால் வெளியே வரத் தெரியாது. "விம்-இல் இருந்து எப்படி வெளியேறுவது?" என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் ஒருவர் கேட்ட கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் பார்த்துவிட்டார்கள். வெளியே வர, எஸ்கேப் விசையை அழுத்தி, முக்காற்புள்ளி போட்டு, க்யூ எழுத்தைத் தட்டி, என்டர் கொடுங்கள். மாற்றம் செய்துவிட்டு, அதைச் சேமிக்காமல் வெளியேற வேண்டுமானால் க்யூ-வுக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி.

இன்னொரு விஷயமும் உண்டு. ஐடிஇ-யில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் நிரல் ஓடிவிடுகிறது. அதற்குள் என்னென்ன நடந்தது என்று பலருக்குத் தெரிவதில்லை. ஜாவா கோப்பு முதலில் பைட் குறியீடாக மாறுகிறது, பிறகு ஜாவா இயந்திரம் அதை ஓட்டுகிறது என்பதைக் கையால் ஒரு முறையாவது செய்து பார்த்தவருக்கு, பின்னால் பொத்தான் வேலை செய்யாத நாளில் பதற்றம் இருக்காது. சன்வேயில் இயங்கும் 42 கோலாலம்பூர் நிரலாக்கப் பள்ளியில் புதிதாக வருபவர்கள் தொடங்குவதே கட்டளைத் திரையிலும் சி மொழியிலும்தான்.

நடுவில் ஒன்று இருக்கிறதே, வி.எஸ். கோட்?

2015-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விஷுவல் ஸ்டூடியோ கோட் இந்தச் சண்டையையே குழப்பிவிட்டது. அது எடிட்டர்தான். ஆனால் நீட்சிகளைச் சேர்க்கச் சேர்க்க ஐடிஇ மாதிரி ஆகிவிடும். பைத்தான் நீட்சியைப் போட்டால் மேலே சொன்ன மங்கல் நிறமும் வரும், சிவப்புப் புள்ளியும் வரும். 2024-இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நடத்திய கருத்தாய்வில் நான்கில் ஏறக்குறைய மூன்று பேர் இதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். இதன் பெயரில் பாதியைக் கொண்ட விஷுவல் ஸ்டூடியோ வேறு மென்பொருள். அது கனமான, முழு ஐடிஇ. தரவிறக்கும்போது பலர் மாற்றி எடுத்துவிடுகிறார்கள்.

2016-இல் வந்த இன்னொரு மாற்றம் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. அதற்கு முன் பத்து எடிட்டரும் இருபது மொழியும் இருந்தால், ஒவ்வோர் எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழியையும் தனித்தனியே கற்றுக்கொடுக்க வேண்டும். ஆக 200 வேலை. மொழியைப் புரிந்துகொள்ளும் பகுதியைத் தனி நிரலாகப் பிரித்து, எல்லா எடிட்டரும் அதனுடன் ஒரே விதமாகப் பேசலாம் என்று மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடன்வி நிறுவனங்கள் சேர்ந்து ஒரு விதிமுறை கொண்டுவந்தன. இருபதும் பத்தும் சேர்ந்து 30 வேலையாகக் குறைந்தது. விம்-இன் தம்பியான நியோவிம் 2021 முதல் இந்த வசதியுடனேயே வருகிறது. அதனால் "எடிட்டருக்கு ஒன்றும் தெரியாது" என்ற பேச்சு இப்போது முழு உண்மை இல்லை. அமைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு எல்லாம் கிடைக்கும். அமைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும், அதுதான் சிக்கல்.

வீட்டில் இருக்கும் மடிக்கணினி தாங்குமா?

முதலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். செயல்திறன் பக்கத்தில் நினைவகம் எவ்வளவு என்று இருக்கும். பழைய கணினிகளில் 4 ஜிபி இருக்கலாம். வி.எஸ். கோட் 1 ஜிபி நினைவகம் இருந்தாலே ஓடும் என்று அதன் குறிப்பு சொல்கிறது. விண்டோஸும் உலாவியும் எடுத்துக்கொண்டது போக மிச்சம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். விஷுவல் ஸ்டூடியோ 2022-க்குக் குறைந்தது 4 ஜிபி, பரிந்துரை 16 ஜிபி. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி. கணினிக்குள்ளேயே போலி கைப்பேசியை ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் 16 ஜிபி.

"ஜாம் ஆயிடுது" என்றால் உடனே புதிய மடிக்கணினிக்கு ஓட வேண்டாம். ஐடிஇ முதலில் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்கும். சுழலும் வன்தட்டு உள்ள கணினி அதில்தான் திணறும். அந்தத் தட்டை எஸ்.எஸ்.டி.-க்கு மாற்றுவதும், முடிந்தால் நினைவகத்தைக் கூட்டுவதும் புதுக் கணினி விலையில் சிறு பகுதிதான் ஆகும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் இருக்கும் நாட்டில், ஒரு மாதச் சம்பளத்தைக் கணினிக்குக் கொடுக்கும் முன் பழுது பார்க்கும் கடையில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. சில மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. அதையும் கேளுங்கள்.

கணினியே இல்லையா? உலாவி போதும். கூகுள் கோலாப் இலவசம். ஜிமெயில் கணக்கு இருந்தால் பைத்தான் எழுதலாம், கோப்பு கூகுள் டிரைவில் இருக்கும். முன்பு பெடி என்று அழைக்கப்பட்டு இப்போது நாடி என்ற பெயரில் இயங்கும் சமூக இணைய மையங்கள் போன்ற பொது இடங்களின் கணினியில் எதையும் நிறுவ முடியாவிட்டாலும் இந்த வழி ஓடும்.

தமிழ் எழுத்து சரியாக வருமா?

தமிழில் செயலி செய்ய நினைப்பவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும்.

"செலாயாங்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? செ, லா, யா, ங் என்று நான்கு. பைத்தானிடம் நீளம் கேட்டால் 8 என்று சொல்லும். யுனிகோடில் ச தனி, கொம்பு தனி; ல தனி, கால் தனி; புள்ளியும் தனி. கோப்பில் சேமிக்கும்போது ஒவ்வொன்றும் 3 பைட் எடுப்பதால் மொத்தம் 24 பைட். பெயரின் முதல் எழுத்தை மட்டும் எடுத்து வட்டத்துக்குள் காட்டும் செயலி எழுதினால், செல்வி என்ற பெண்ணுக்கு "செ" வராது, "ச" மட்டும்தான் வரும். நம் பெயர்கள் செயலிகளில் அரைகுறையாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

இனி கருவிக்கு வருவோம். கறுப்புத் திரையில் ஓடும் விம் போன்றவை திரையைச் சம அளவுக் கட்டங்களாகப் பார்க்கின்றன. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, பிரச்சினை இல்லை. தமிழில் "ஔ" எவ்வளவு அகலம், "ர" எவ்வளவு அகலம்! அதோடு கொம்பு, எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்டு முன்னால் காட்டப்பட வேண்டும். அதனால் பல கட்டளைத் திரைகளில் தமிழ் உடைந்து தெரியும், கர்சர் ஓர் இடத்தில் இருக்கும், எழுத்து வேறு இடத்தில் அழியும். வி.எஸ். கோட் உள்ளுக்குள் உலாவித் தொழில்நுட்பத்தில் இயங்குவதால் தமிழைச் சரியாகக் கோத்துக் காட்டும். தமிழ்ச் சொற்கள் நிறைய வரும் நிரல் என்றால், சன்னல் உள்ள கருவியே பாதுகாப்பு.

பழைய விண்டோஸில் நோட்பேட் இயல்பாகவே ஆன்சி முறையில் சேமிக்கும். எச்சரிக்கையைக் கவனிக்காமல் சரி என்று கொடுத்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்துதான் யு.டி.எஃப்.-8 இயல்பானது. பள்ளி ஆய்வகத்தில் பழைய கணினி என்றால், சேமிக்கும்போது கீழே இருக்கும் குறியாக்கப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் மலேசியாவுக்குப் பெருமை உண்டு. ஆப்பிள் மேக் கணினியின் எழுத்துருப் பட்டியலில் தமிழ் சங்கம் எம்.என். என்று ஒன்று இருக்கும். அந்த எம்.என். என்பது முத்து நெடுமாறன். முரசு அஞ்சல், செல்லினம் ஆகியவற்றை உருவாக்கிய நம் நாட்டுக்காரர். மேக்கில் இருக்கும் இணைமதி எழுத்துருவும் அவர் செய்ததே. தமிழ்ச் சொற்களையே கட்டளையாகக் கொண்ட எழில் என்ற நிரல்மொழியும் இருக்கிறது. அமெரிக்காவில் வாழும் முத்து அண்ணாமலை உருவாக்கியது. அதற்கென்றே எழுதி என்ற பெயரில் ஓர் எழுதும் சூழல் உண்டு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரல் என்றால் என்னவென்று காட்ட நல்ல தொடக்கம்.

எங்கிருந்து தரவிறக்குவது?

உருவாக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும். நண்பர் பென்டிரைவில் தந்தார், டெலிகிராமில் கிடைத்தது என்பதெல்லாம் வேண்டாம். 2015-இல் சீனாவில் நடந்ததைப் பாருங்கள். ஆப்பிள் தளத்திலிருந்து எக்ஸ்கோட் தரவிறக்க மெதுவாக இருந்தது. சிலர் உள்ளூர்க் கோப்புப் பகிர்வுத் தளத்தில் கிடைத்த பிரதியை எடுத்தார்கள். அதில் தீய நிரல் ஒளிந்திருந்தது. அந்த ஐடிஇ-யில் கட்டிய ஒவ்வொரு செயலிக்குள்ளும் அது போய் உட்கார்ந்தது. வீசாட் செயலியின் ஒரு பதிப்புகூடத் தப்பவில்லை. எழுதியவர்கள் நேர்மையானவர்கள், எழுதிய கருவிதான் கெட்டது.

திருட்டுப் பிரதிக்குத் தேவையும் இல்லை. வி.எஸ். கோட், நெட்பீன்ஸ், எக்ளிப்ஸ், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ இலவசம். ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் மாணவர்களுக்குத் தன் கட்டண ஐடிஇ-களை இலவசமாகத் தருகிறது. வி.எஸ். கோட்டில் நீட்சி போடும்போதும் கவனம் தேவை. அது உங்கள் கணினியில் உங்கள் உரிமையுடனேயே ஓடும் நிரல். யார் வெளியிட்டது என்று பார்க்காமல் போடாதீர்கள்.

தேர்வில் எது கைகொடுக்கும்?

எஸ்.பி.எம். எழுத்துத் தாளில் கணினி இல்லை, பேனாதான். நான்கு எழுத்துத் தட்டியதும் மிச்சத்தை எழுதித்தரும் ஐடிஇ-யிலேயே ஒரு வருடம் பழகிய பிள்ளை, தாளில் அரைப்புள்ளியை எங்கே போடுவது என்று தடுமாறும். இதற்காக ஐடிஇ-யைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் தானாக நிரப்பும் வசதியை அணைத்துவிட்டு எழுதிப் பார்க்கலாம். நெட்பீன்ஸிலும் வி.எஸ். கோட்டிலும் அமைப்புகளில் அதை அணைக்க முடியும். 2021-இல் அறிமுகமான கிட்ஹப் கோபைலட் போன்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களுக்கும் இது பொருந்தும், இன்னும் அதிகமாகவே பொருந்தும். அவை ஒரு வரியை அல்ல, முழு விடையையும் எழுதிவிடும். வேலைக்குப் போன பிறகு அது வசதி. கற்கும்போது அது பக்கத்து பெஞ்சு பையனின் விடைத்தாள்.

சரி, எதை எடுப்பது?

படிவம் 1 முதல் 3 வரை, பைத்தான் தொடங்கும் பிள்ளைக்கு தோனி போதும். கிரிக்கெட் தோனி அல்ல, எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான, தொடக்கநிலையாளர்களுக்கான எளிய ஐடிஇ. பைத்தானைத் தனியாக நிறுவ வேண்டாம், கூடவே வரும். பழைய கணினியிலும் ஓடும். மாறிகளின் பட்டியலைக் காட்டும்.

படிவம் 4-இல் ஜாவா வந்ததும் பள்ளியில் என்ன பயன்படுத்துகிறார்களோ அதையே வீட்டிலும் போடுங்கள். இங்கே தரத்தைவிட ஒற்றுமை முக்கியம். டீச்சர் நெட்பீன்ஸில் காட்டியதைப் பிள்ளை எக்ளிப்ஸில் தேடிக்கொண்டிருந்தால் பாதி நேரம் பொத்தான் தேடுவதிலேயே போகும். வீட்டுக் கணினி நெட்பீன்ஸைத் தாங்கவில்லை என்றால் வி.எஸ். கோட்டில் ஜாவா நீட்சி, அதுவும் முடியாவிட்டால் புளூஜே. படிவம் 5-இல் இணையப்பக்கம் செய்யத் தொடங்கும்போது வி.எஸ். கோட்டைவிட வசதியானது இல்லை.

கல்லூரியில், பாலிடெக்னிக்கில் இருப்பவர்கள் ஒரு முழு ஐடிஇ-யையும் விம்-இன் பத்துப் பன்னிரண்டு கட்டளைகளையும் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்பது இணையத்தில் வாதாடுபவர்களின் பொழுதுபோக்கு. வேலையில் காலையில் இன்டெலிஜே, மாலையில் சர்வருக்குள் விம் என்றுதான் போகும்.

ஆண்ட்ராய்டு செயலி எழுத ஆசை, கணினியில் 8 ஜிபிதான் என்றால், போலி கைப்பேசியை விட்டுவிட்டு உங்கள் சொந்தக் கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியில் இணைத்துச் சோதிக்கலாம். கைப்பேசியின் அமைப்புகளில் பில்ட் எண் என்ற வரியைத் தேடி, அதை ஏழு முறை தொடர்ந்து தட்டுங்கள். உருவாக்குநர் விருப்பங்கள் என்ற புதிய பக்கம் திறக்கும்; அதில் யு.எஸ்.பி. டீபக்கிங்கை இயக்கினால், நீங்கள் எழுதிய செயலி நேராகக் கையிலேயே ஓடும். சோதித்து முடித்ததும் அதை மறக்காமல் அணைத்துவிடுங்கள்.